விளிம்பில் நின்ற நாய்த்தலையரும் பக்கத்துத் தெருப் பிசாசும்

1233-ஆம் ஆண்டு, இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் யூதர்கள் செலுத்திய தொகைகளை வரவு வைத்துக்கொண்டிருந்த எழுத்தர் ஒருவர், கணக்கெழுதும் தோல் சுருளின் தலைப்பகுதியில் ஒரு சித்திரத்தைக் கிறுக்கி வைத்தார். கோட்டை போன்ற ஒரு கட்டடத்தின் நடுவே, மற்ற எல்லோருக்கும் மேலாக, மூன்று முகங்களும் ஒரு கிரீடமும் கொண்ட தாடிக்காரர் நிற்கிறார். அவர் நார்விச் நகரத்தில் பெரிய அளவில் வட்டிக்குப் பணம் கொடுத்துவந்த ஐசக் என்னும் யூதர். அவருக்குக் கீழே மோஸ் மோக் என்னும் ஆணும் அவகாய் என்னும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்து நிற்க, இருவருக்கும் இடையில் கொம்பு முளைத்த பிசாசு ஒன்று கைகளை நீட்டி அவர்களுடைய மூக்குகளைத் தொட்டுக் காட்டுகிறது. படத்தைப் பார்ப்பவர் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்பதைப் பிசாசே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் எழுத்தர் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

இந்தச் சித்திரம் கோயில் சுவரிலோ வேத நூலிலோ இல்லாமல் வரிக்கணக்கில் இருப்பது கவனிக்கத்தக்கது. யூதரின் முகத்தையும் பிசாசின் முகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது, வேலைக்கு நடுவே கை தானாக வரையும் அளவுக்கு அந்த எழுத்தருக்குப் பழகிப் போயிருந்தது. இடைக்கால ஐரோப்பாவின் கலையிலும் இலக்கியத்திலும் பிசாசும் விகார உருவமும் இனம் பற்றிய எண்ணமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதை ஆராய்பவர்கள் பெரும்பாலும் உலகத்தின் ஓரத்தில் நின்ற விசித்திர மனிதர்களிடமிருந்து தொடங்குவார்கள். நானும் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் அந்த ஓரத்து மனிதர்களுக்கு அக்காலத்து அறிஞர்கள் காட்டிய பொறுமையில் பாதிகூட நார்விச் தெருவில் குடியிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

விசித்திர மனிதர்களின் பட்டியல் இடைக்காலத்துக்கு வெகு காலம் முற்பட்டது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் தெசியஸ், இந்தியாவைக் கண்ணால் காணாமலே அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாய்த்தலை மனிதர்களும், ஒரே ஒரு பெரிய பாதத்தைத் தூக்கி அதன் நிழலில் படுத்திருக்கும் ஒற்றைக்காலரும் அதில் வருகிறார்கள். கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், வாயே இல்லாமல் மணத்தை முகர்ந்து உயிர்வாழும் மக்களைச் சேர்த்தார். கி.பி. 77-இல் ரோமானியர் பிளினி இவற்றையெல்லாம் தம் கலைக்களஞ்சியத்தின் ஏழாம் பகுதியில் தொகுத்து, தலையில்லாமல் நெஞ்சில் முகம் கொண்ட மனிதர்களையும் வரிசையில் நிறுத்திவிட, அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஐரோப்பியர் இந்தியாவையும் எத்தியோப்பியாவையும் இந்தப் பட்டியலின் வழியாகவே கற்பனை செய்தார்கள்.

நமக்கு இதில் சிரிப்பதற்கு அதிக உரிமை இல்லை. மகாபாரதத்தின் சபா பருவத்தில் சகாதேவன் தென்திசை வெல்லப் புறப்படும்போது, ஒற்றைக்காலர்களும் காதையே போர்வையாகப் போர்த்திக்கொள்பவர்களும் தெற்கில்தான் இருக்கிறார்கள். வயிற்றில் வாய் கொண்ட கவந்தனைக் கம்பராமாயணம் படித்தவர்கள் அறிவார்கள். கிரேக்கர்கள் எழுதியதில் ஒரு பகுதி இந்தியாவிலேயே வழங்கிய கதைகளைக் கேட்டு எழுதியதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். கங்கைச் சமவெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு உலகத்தின் ஓரம் நம் பக்கம் இருந்தது. ரோமிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தியா முழுவதுமே ஓரம்.

பட்டியல் கிறிஸ்தவர்களின் கைக்கு வந்தபோது, பிளினி கவலைப்படாத ஒரு கேள்வி அவர்களுக்கு எழுந்தது. மனிதர் எல்லோரும் ஆதாமின் வழியில், பெருவெள்ளத்துக்குப் பின் நோவாவின் மூன்று மகன்களின் வழியில் வந்தவர்கள் என்றால், நெஞ்சில் முகமுள்ளவன் யாருடைய பேரன்? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார் தம் பெருநூலான 'கடவுளின் நகர'த்தின் பதினாறாம் பகுதியில் இதை எடுத்துக்கொள்கிறார். கார்த்தேஜ் நகரத்துக் கடற்கரைச் சதுக்கத்தில் இந்த விசித்திர மனிதர்கள் கல்பதித்த ஓவியங்களாக இருந்ததை அவரே குறிப்பிடுகிறார். ஆகவே இது அவருக்கு வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை; மாலையில் காற்று வாங்கப் போனவர்கள் மிதித்து நடந்த பிரச்சினை. பிறை வடிவப் பாதங்களும் அவற்றில் இரண்டிரண்டு விரல்களும் கொண்டு பிறந்த, தம் காலத்து மனிதர் ஒருவரைச் சான்று காட்டி, அப்படிப் பிறந்தவரையும் ஆதாமின் பிள்ளை என்றே கொள்கிறோம் அல்லவா, அதுபோலவே ஒரு மக்கட்கூட்டமும் இருக்கக்கூடும் என்று வாதிடுகிறார். அவருடைய முடிவு மிகவும் எச்சரிக்கையானது. கேள்விப்படுவது பொய்யாக இருக்கலாம். மெய்யாக இருந்தால் அவை மனிதராக இல்லாமல் இருக்கலாம். மனிதராக இருந்தால் அவர்கள் ஆதாமின் வழியினரே. பகுத்தறிவு இருந்தால் மனிதர், நிறமும் உருவமும் குரலும் எப்படி இருந்தாலும் சரி.

நானூறு ஆண்டுகள் கழித்து இந்த அளவுகோலைக் கையில் எடுத்தவர் வட பிரான்சின் கோர்பி மடத்துத் துறவி ரத்ராம்னுஸ். ஸ்காண்டிநேவியாவில் மதம் பரப்பிய ரிம்பெர்ட், நாய்த்தலையரை ஆதாமின் மக்களாகக் கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டிருந்தார். சந்திக்க நேர்ந்தால் போதிப்பதா விலகிப் போவதா என்பது தெரிய வேண்டும் அல்லவா? ரத்ராம்னுஸின் பதில் கடிதம் ஒரு நீதிபதியின் தீர்ப்பைப் போல நிதானமாக நடக்கிறது. அவர்கள் ஊர் அமைத்து வாழ்கிறார்கள். ஊர் என்றால் அங்கே சட்டம் இருக்கிறது. உழுது பயிரிடுகிறார்கள்; ஆகவே தொழில்நுட்பம் தெரிந்தவர்கள். உடலை மறைக்கிறார்கள், ஆகவே வெட்கம் அறிந்தவர்கள். ஆடுமாடு வளர்க்கிறார்கள், விலங்கு விலங்கை வளர்ப்பதில்லை. ஆகவே குரைத்தாலும் அவர்கள் மனிதர்களே என்று முடிக்கிறார். கீழைத் திருச்சபையின் சில ஓவியங்களில் புனித கிறிஸ்டோபரே நாய்த்தலையுடன் நிற்கிறார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரான்சின் வெசலே மடாலயத்து வாயில் வளைவில், 1120-களை ஒட்டிச் செதுக்கப்பட்ட சிற்பத்தில், கிறிஸ்துவின் கைகளிலிருந்து சீடர்களை நோக்கிப் பாயும் அருளைச் சுற்றி, அது போய்ச் சேர வேண்டிய மக்களாக நாய்த்தலையரும் பெருங்காதர்களும், ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்களும் இடம்பெறுகிறார்கள். விகாரமாக இருந்தாலும் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள். ஆனால் அதே வெசலேயில்தான் 1146-இல் துறவி பெர்னார்து இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டினார். அந்த வளைவைப் பார்த்த கண்களே அந்தப் பேச்சையும் கேட்ட கூட்டத்தில் இருந்திருக்கும்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை இருந்தது. மனிதர்தான் என்று ஒப்புக்கொண்டவுடன், ஏன் இப்படி ஆனார்கள் என்னும் கேள்வி வருகிறது. அதற்குப் பெரும்பாலும் கிடைத்த விடை பாவம். கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே சுவடியில் கீழ்த்திசை விந்தைகளைப் பற்றிய படநூலும், புனித கிறிஸ்டோபரின் கதையும், பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃபும் சேர்ந்து கட்டப்பட்டிருக்கின்றன. காப்பியத்தில் இரவில் வந்து வீரர்களைத் தின்னும் கிரெண்டல், தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம் என்று சொல்லப்படுகிறான். சுவடியில் அந்தப் பெயர் வரும் ஒரு வரியில் எழுத்தர் முதலில் 'காம்' என்று பொருள்படும்படி எழுதி, பிறகு காயீனாகத் திருத்தியிருக்கிறார். நோவாவின் சாபக்கதையில் வரும் அவர் மகன் காமும் கொலைகாரக் காயீனும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்து உட்காரும் அளவுக்கு மங்கலாக இருந்தார்கள் என்பதற்கு அந்தச் சுரண்டல் தடம் சாட்சி. வேதத்தில் நோவா சபித்தது காமை அல்ல, அவன் மகன் கானானை. ஆனால் சாபம் வேண்டியவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு நூலாசிரியர் போர்வீரர்களை நோவாவின் இன்னொரு மகன் யாப்பேத்தின் வழியிலும் பண்ணையடிமைகளைக் காமின் வழியிலும் வைத்தார். அப்போது அவர் மனத்தில் இருந்தது ஆப்பிரிக்கா இல்லை, தம் ஊர் உழவர்கள்.

கறுப்பு நிறத்துக்கும் பிசாசுக்கும் உள்ள முடிச்சு இதைவிடப் பழையது. வனத்து அந்தோணியாரின் வரலாற்றில், நான்காம் நூற்றாண்டிலேயே, தோற்றுப்போன சாத்தான் ஒரு கறுப்புச் சிறுவனாக வந்து அவர் காலடியில் கிடக்கிறான். இந்த நிறக்குறி எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதை ஒரு சிறு இடைச்சொல்லில் காணலாம். விவிலியத்தின் காதல் பாடலான உன்னதப்பாட்டில் பெண் தன்னைப் பற்றிச் சொல்வது கிரேக்க மொழிபெயர்ப்பில் 'நான் கறுப்பும் அழகும்' என்னும் பொருளில் இருக்கிறது. புனித எரோனிமுவின் இலத்தீனில் அது 'கறுப்பு, ஆனால் அழகு' என்று ஆனது. இடைக்கால ஐரோப்பா படித்தது இந்த 'ஆனால்' உள்ள வேதத்தை. நம் தமிழ் விவிலியத்திலும் 'கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்' என்றே நிற்கிறது. அந்த 'இருந்தாலும்' எங்கிருந்தெல்லாம் பயணம் செய்து வந்திருக்கிறது என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது.

சிலுவைப் போர்க் காலத்து இலக்கியம் இந்த நிறத்தை எடுத்துப் போர்க்களத்தில் பூசியது. 1100-ஐ ஒட்டிய பிரெஞ்சுக் காப்பியமான ரோலந்தின் பாடலில் அபீம் என்னும் சராசென், அதாவது முஸ்லிம், வீரன் உருக்கிய கீல் போலக் கறுத்தவன். அவனைக் கொல்வது ஒரு பேராயர். சிலை வணக்கத்தையே ஏற்காத முஸ்லிம்கள் அந்தக் காப்பியத்தில் மூன்று சிலைகளை வணங்குகிறார்கள். ஆனாலும் எதிரிகள் எல்லோரும் கறுப்பர்கள் இல்லை. பேரரசன் பலிகாந்தை வருணிக்கும்போது, இவன் மட்டும் கிறிஸ்தவனாக இருந்தால் எப்பேர்ப்பட்ட வீரன் என்று கவிஞரே பெருமூச்சு விடுகிறார். மதம் மாறினால் போதும் என்னும் மனிதர்களும், மாற்றவே முடியாத இருள் என்னும் மனிதர்களும் ஒரே படையில் பிரித்து நிறுத்தப்படுகிறார்கள்.

எத்தியோப்பியன் தன் தோலை மாற்றக்கூடுமோ என்று விவிலியத்தில் இறைவாக்கினர் எரேமியா கேட்டதற்கு, 1330-களைச் சேர்ந்த ஆங்கிலச் சுவடி ஒன்றில் உள்ள 'தார்ஸ் மன்னன்' என்னும் கதைப்பாடல் நேராகவே பதில் சொல்கிறது. தமாஸ்கஸின் கறுத்த சுல்தானுக்குக் கிறிஸ்தவ இளவரசி மனைவியாகிறாள். பிறக்கும் குழந்தைக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. கல்போலக் கிடக்கும் வெறும் சதைப் பிண்டம். சுல்தானின் தெய்வங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. குருவானவர் ஞானஸ்நானம் கொடுத்ததும் பிண்டம் அழகிய குழந்தையாகிறது. பிறகு சுல்தானே முழுக்குப் பெறுகிறான். அவனுடைய கறுத்த தோல் வெளுத்துவிடுகிறது. மதத்தை மாற்றினால் உடல் மாறும் என்று சொல்லும்போதே, மதம் உடலில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்றும் இந்தப் பாடல் சொல்லிவிடுகிறது. இனம் என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான ஓர் இடைக்காலச் சான்றை நான் அறியேன்.

அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னர், 1200-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், ஜெர்மானியக் கவிஞர் வொல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் எழுதிய பார்சிவால் என்னும் காப்பியம் இவ்வளவு சுலபமாகக் கைக்கு அடங்காது. அதில் கறுப்பு அரசி பெலகானே வெள்ளைக்கார வீரனை மணந்து பெற்ற மகன் ஃபெய்ரெஃபிஸ், எழுதிய தோலைப் போல, அங்கொரு கறுப்பும் இங்கொரு வெள்ளையுமாக இருக்கிறான். விட்டுவிட்டு ஓடிப்போன கணவனை நினைத்து, தாய் அந்தக் குழந்தையின் வெள்ளைத் திட்டுகளில் மீண்டும் மீண்டும் முத்தமிடுகிறாள். அவளைப் பழிக்காத கவிஞர், அவள் தூய்மையே அவளுக்கு ஞானஸ்நானம் என்கிறார். ஃபெய்ரெஃபிஸும் பின்னாளில் முழுக்குப் பெறுகிறான், ஒரு பெண்ணுக்காக. ஆனால் அவன் தோல் வெளுத்ததாகக் கவிஞர் எழுதவில்லை. அவனுடைய மகன்தான் இந்தியாவை ஆண்ட கிறிஸ்தவ மன்னர் என்று ஐரோப்பா நம்பிய பிரெஸ்டர் ஜான்.

இதே காப்பியத்தில் இந்திய அரசி ஒருத்தி பரிசாக அனுப்பிய குந்த்ரியே என்னும் பெண் வருகிறாள். நாய் மூக்கு, பன்றிக் கோரைப்பல், கரடிக் காது. இலத்தீனும் பிரெஞ்சும் அரபியும் தெரிந்தவள், வானியலும் வடிவியலும் கற்றவள். கங்கைக் கரையில் இப்படிப்பட்டவர்கள் பிறப்பதற்குக் காரணம், ஆதாம் எச்சரித்த மூலிகைகளை அவன் மகள்கள் கர்ப்பகாலத்தில் தின்றதே என்று காப்பியம் விளக்குகிறது. இந்தியாவின் உருவம் பழைய பட்டியலிலிருந்து வந்தது. அறிவு மட்டும் கவிஞர் கொடுத்தது.

விதிவிலக்கு என்று சொல்லத்தக்க ஒரு சிலை ஜெர்மனியின் மாக்டபுர்க் பேராலயத்தில் இருக்கிறது. எகிப்திலிருந்து வந்த ரோமானியப் படைத்தலைவரான புனித மௌரீசியஸ் அதுவரை வெள்ளையராகவே வரையப்பட்டவர். 1240-களை ஒட்டிச் செதுக்கிய சிற்பி, இரும்பு வளையங்கள் பின்னிய கவசத்துக்குள் ஆப்பிரிக்க மனிதரின் முகத்தை வைத்தார். உதட்டையும் மூக்கையும் மிகைப்படுத்தவில்லை. உண்மையில் ஒருவரை எதிரில் நிறுத்திப் பார்த்தது போல இருக்கிறது. அதே நூற்றாண்டின் வேதச் சுவடிகளில் கிறிஸ்துவைச் சாட்டையால் அடிப்பவர்களுக்குக் கறுத்த முகமும் கொக்கி மூக்கும் தொடர்ந்து வரையப்பட்டன. இரண்டும் ஒரே காலம். ஆகவே, இடைக்காலம் கறுப்பை இப்படித்தான் கண்டது என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பவர்களை நான் நம்புவதில்லை.

யூதர்களின் விஷயத்தில் இப்படிப்பட்ட மறுபக்கத்தைத் தேடினால் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. 1144-இல் நார்விச்சில் இறந்துகிடந்த ஒரு சிறுவனை யூதர்கள் பலியிட்டார்கள் என்னும் பழி பரப்பப்பட்டது. 1215-இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் என்னும் திருச்சபைப் பேரவை, யூதரும் முஸ்லிம்களும் உடையால் அடையாளம் தெரிய வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணையே ஒரு வாக்குமூலம்தான். பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை என்பதால்தான் உடையில் குறி தேவைப்பட்டது. பார்த்தால் தெரிகிறது என்று நம்ப வைக்கும் வேலையை ஓவியர்கள் ஏற்றார்கள். இங்கிலாந்து 1218-லேயே சட்டையில் சின்னம் தைக்கச் சொன்னது. கருவூலச் சித்திரம் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிந்தியது. 1290-இல் முதலாம் எட்வர்டு எல்லா யூதர்களையும் நாட்டை விட்டு வெளியேற்றினார்.

அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்குப் பின், ஒரே கன்றுத்தோலில், ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரமும் 1.3 மீட்டர் அகலமுமாக வரையப்பட்ட ஹெரஃபர்டு உலக வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மேலே கிழக்கு, நடுவில் எருசலேம். ஆப்பிரிக்காவின் தென்விளிம்பில் நெஞ்சு முகத்தவர்களும் மற்றவர்களும் வரிசையாக, ஒருவர்மேல் ஒருவர் அடுக்கிய பெட்டிகளில் இருப்பது போல நிற்கிறார்கள். அவர்களிடம் வன்மம் எதுவும் இல்லை. ஓரத்து அலங்காரம் போலவே இருக்கிறார்கள். செங்கடலுக்கு அருகில், எகிப்தை விட்டு இஸ்ரயேலர் வெளியேறிய யாத்திராகமப் பாதையின் ஓரத்தில், 'யூதர்' என்று பெயரிடப்பட்ட சிலர் ஒரு சிலையின் முன் மண்டியிடுகிறார்கள். வேதக்கதைப்படி பொன் கன்றுக்குட்டியாக இருக்க வேண்டிய அந்தச் சிலையின் பெயர் 'மஹும்', நபிகளின் பெயரைச் சிதைத்த சொல். நாட்டை விட்டுத் துரத்தியவர்களையும் போரில் வெல்ல முடியாதவர்களையும் ஒரே சிலைக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கும் இந்தச் சிறு மூலையில் இருக்கும் பகை, தென்விளிம்பு முழுவதிலும் இல்லை.

இடைக்காலத்துக்கு 'இனம்' என்னும் சொல்லைப் பயன்படுத்துவது பொருந்துமா என்று ஆய்வாளர்கள் நீண்ட நாளாக வாதிட்டு வருகிறார்கள். கி.பி. 900-ஐ ஒட்டி எழுதிய ப்ரூம் மடத்து ரெஜினோ, மக்கட்கூட்டங்கள் பிறப்பாலும் பழக்கத்தாலும் மொழியாலும் சட்டத்தாலும் வேறுபடுகின்றன என்றார். நான்கில் மூன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை என்பதால் அது இனம் அல்ல, பண்பாட்டு வேறுபாடுதான் என்பது ஒரு தரப்பு. சட்டம், வரி, உடைச்சின்னம், வெளியேற்றம் ஆகியவற்றின் மூலம் ஒரு கூட்டத்தைப் பிறவியிலேயே வேறானது என்று நடத்தியபின் பெயரை மட்டும் தவிர்ப்பதில் என்ன பயன் என்பது, ஜெரால்டின் ஹெங் போன்றவர்கள் அண்மையில் வலுவாக முன்வைக்கும் மறுதரப்பு. நார்விச் சுருளைப் பார்த்தபின் நான் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்கிறேன்.

ஓரம் என்று வரைந்த இடத்துக்கே போய்ப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மயிலாப்பூரில் தோமையாரின் கல்லறையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இந்நாட்டார் தங்கள் தெய்வங்களைக் கறுப்பாகவும் பிசாசுகளைப் பனிபோல வெள்ளையாகவும் வரைகிறார்கள் என்று எழுதினார். கறுத்திருப்பவரே இங்கே உயர்வாக மதிக்கப்படுவதால், குழந்தை இன்னும் கறுக்கட்டும் என்று வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்க்கிறார்கள் என்றும் சேர்த்தார். எண்ணெய்க் குளியலுக்கு அவர் கண்டுபிடித்த காரணம் நம் பாட்டிமார்களுக்கே புதிது. ஆனால் பிசாசின் நிறம் பார்ப்பவரின் நிறத்தைப் பொறுத்தது என்னும் செய்தி அவர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதே மார்க்கோ போலோ, தாம் கால் வைக்காத அந்தமானின் மக்களுக்கு நாய்த்தலையைப் பொருத்தவும் தயங்கவில்லை. 1410-களின் தொடக்கத்தில் பர்கண்டி பிரபுவுக்காகப் பாரிசில் வரையப்பட்ட அவருடைய நூலின் ஆடம்பரப் பிரதியில் அந்த நாய்த்தலையர்கள் நல்ல அங்கி அணிந்து வியாபாரம் பேசுகிறார்கள். நூலில் ஒரு சொல்கூட இல்லாத ஒற்றைக்காலரையும் நெஞ்சு முகத்தவரையும் ஓவியர் தாமாகவே இன்னொரு பக்கத்தில் சேர்த்துவிட்டார். கிழக்கு என்றால் அவர்கள் இருக்க வேண்டும் என்று பணம் கொடுத்தவரும் எதிர்பார்த்திருப்பார்.

அந்த ஓவியருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. திருத்தந்தையின் தூதராக 1338-இல் சீனாவுக்குப் புறப்பட்டு, திரும்பும் வழியில் கொல்லத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கி, மயிலாப்பூரையும் பார்த்த பிளாரன்ஸ் நகரத்துத் துறவி ஜோவான்னி மரிஞ்ஞொல்லி, பிறகு பிராக் அரசவையில் அமர்ந்து எழுதினார். விசித்திரமாகப் பிறந்த ஒருவர் இருவர் எங்கும் இருக்கலாம், அப்படி ஒரு மக்கட்கூட்டம் எங்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒற்றைக்காலன் கதை எப்படிப் பிறந்தது என்பதற்கும் காரணம் காட்டுகிறார். இந்தியர்கள் வெயிலுக்கும் மழைக்கும் காம்பு வைத்த சிறு கூடாரம் ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்து நடக்கிறார்கள்; அதன் பெயர் 'சத்திர்'; கவிஞர்கள் அதைப் பாதம் என்று நினைத்துவிட்டார்கள். குடையைக் குறிக்கும் வடமொழிச் சத்திரம் என்னும் பெயர்தான் அது. ஒன்றை அவர் பிளாரன்சுக்கே எடுத்துப்போய் வைத்துக்கொண்டார்.

1493-இல் நியூரம்பெர்க்கில் அச்சான உலக வரலாற்று நூலின் ஓரப் படங்களில், நாய்த்தலையனும் நெஞ்சு முகத்தவனும் இருக்கும் அதே வரிசையில், ஒற்றைக்காலன் இன்னமும் தன் பாதத்தைத் தலைக்கு மேல் தூக்கியபடியே இருக்கிறான்.